சமாதானக் கூட்டம் யாருக்காக?

2015 ஜனவரி 12. நாமக்கல்லில் மாவட்ட நிர்வாகம் கூட்டிய 'அமைதிப் பேச்சுவார்த்தை'. திருச்செங்கோட்டில் புத்தகத்தை எரித்து, ஊரையே கடையடைக்க வைத்தவர்கள் ஒரு பக்கம். 'மாதொருபாகன்' எழுதிய பெருமாள்முருகன் மறு பக்கம். நாவல் வெளிவந்தது 2010-ல். நாலு வருடமாக யார் மனமும் புண்பட்டதாகத் தெரியவில்லை, அது வேறு கதை. எழுத்தாளர் வருத்தம் தெரிவித்தது போதாது என்றார்கள். நிபந்தனையற்ற மன்னிப்பு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என எல்லாம் கையெழுத்தானது. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அதன்பின் அவரே முகநூலில் அறிவித்தார்.

ஊரை மிரட்டியவர்களிடம் அல்லவா 'இனி இப்படிச் செய்ய மாட்டோம்' என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும்? நம் வருவாய்த் துறையும் போலீசும் வழக்கமாகச் செய்வது நேர் எதிர். பத்துப் பேர் கல்லெடுத்தால், தனியாக நிற்பவரைக் கூப்பிட்டு, 'சார், நீங்க கொஞ்சம் விட்டுக்கொடுங்க' என்பார்கள். கூட்டம் கலைந்துவிடும், கோப்பும் மூடப்படும். அடுத்த கூட்டத்துக்கு வழி தெரிந்துவிடும்.

இது ஒரு மதத்தாரின் பழக்கமல்ல. 2006-ல் 'டா வின்சி கோட்' படத்துக்குக் கிறிஸ்தவ அமைப்புகள் எதிர்ப்புக் காட்டின. மாநில அரசு தடை போட்டது, உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. மறு வருடம் தக்கலைக் கவிஞர் எச்.ஜி.ரசூலை, ஒரு கட்டுரைக்காக அவருடைய ஜமாஅத்தே ஊர்விலக்கம் செய்தது. 2013-ல் 'விஸ்வரூபம்' வந்தபோது முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. மாவட்டந்தோறும் ஆட்சியர்கள் 144 போட்டார்கள். 524 தியேட்டர்களுக்கும் காவல் போடப் போலீஸ் போதாது என்று முதல்வரே விளக்கம் சொன்னார். தணிக்கைச் சான்றிதழ் கையில் இருந்தும், சில இடங்களில் ஒலியை வெட்ட ஒப்புக்கொண்ட பிறகுதான் படம் திரைக்கு வந்தது.

'போலீஸ் போதாது' என்ற இந்தப் பதிலைத்தான் உச்ச நீதிமன்றம் 1989-லேயே தள்ளுபடி செய்திருந்தது. அதுவும் 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் பட வழக்கில். ஊர்வலம், வன்முறை என்று மிரட்டல் வந்தால் அதைச் சமாளிப்பது அரசின் கடமை, இயலாமையைக் காரணம் காட்ட முடியாது என்று தெளிவாகவே சொன்னது.

புண்பட்டவருக்கு வழியில்லாமல் இல்லை. கண்டித்து எழுதலாம், படத்தைப் புறக்கணிக்கலாம், அனுமதி வாங்கி வள்ளுவர் கோட்டத்தில் நாள் முழுக்கக் கோஷம் போடலாம். வழக்கும் தொடுக்கலாம்: பழைய 295ஏ, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 299. 1927-ல் வெள்ளைக்காரன் போட்ட இந்தச் சட்டமே கூட, திட்டமிட்ட, கெட்ட எண்ணத்தோடு செய்த அவமதிப்பைத்தான் குற்றம் என்கிறது. அரசு அனுமதியில்லாமல் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்கவும் முடியாது. மதத்தை விமர்சிப்பது ஒன்று. அந்த மதத்துக்காரரை அடி, ஒதுக்கு என்று தூண்டுவது வேறொன்று. இரண்டாவதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அதில் போலீஸ் தயங்கவே கூடாது. ஆனால், நடப்பில் முதலாவதற்குத்தான் உடனே எஃப்ஐஆர் விழுகிறது. ஊருக்கு ஒரு புகார் என்றால் தண்டனையே வேண்டாம், கோர்ட்டுக்கு அலைவதே போதும்.

2016 ஜூலை 5-ல் சென்னை உயர் நீதிமன்றம், நாமக்கல்லில் எழுதி வாங்கிய உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. எழுத்தாளரை மீண்டும் எழுதச் சொன்னது. இத்தகைய தகராறுகளுக்கு இலக்கியமும் கலையும் தெரிந்தவர்கள் அடங்கிய சுதந்திரமான குழு அமைக்க வேண்டும், அதிகாரிகளுக்குப் பயிற்சி தர வேண்டும் என்றும் சொன்னது. தீர்ப்பு பாராட்டப்பட்ட அளவுக்கு இந்தப் பகுதி பேசப்படவே இல்லை.

புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். உள்துறையிலிருந்து எல்லா ஆட்சியர்களுக்கும் காவல் கண்காணிப்பாளர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போதும். புத்தகம், படம், பேச்சு குறித்த தகராறில் எழுதியவரைக் கூப்பிட்டு மன்னிப்பு வாங்கக் கூடாது. வந்த புகார் நிபுணர் குழுவுக்கோ நீதிமன்றத்துக்கோ போகட்டும். மிரட்டல் என்று தெரிந்த அன்றே மிரட்டப்பட்டவர் வீட்டுக்குக் காவல் போட வேண்டும். ஊரை விட்டுப் போகச் சொல்லக் கூடாது. பஸ் கண்ணாடி உடைந்தால், கடை நொறுங்கினால், தமிழ்நாட்டின் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் 1992 முதலே இருக்கிறது. நஷ்டத்தை உடைத்தவர்களிடமும் தூண்டியவர்களிடமும் வசூலிக்க வேண்டும். எந்தச் சாமியின் பேரைச் சொல்லி உடைத்தார்கள் என்று அந்த நோட்டீஸில் ஒரு வரிகூட வேண்டியதில்லை.