கற்றுக்குட்டிக்கு இனி வேலை எங்கே?

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோய் சொல்லும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்று 2016-இல் டொரன்டோவில் பேசினார் ஜெஃப்ரி ஹின்டன். ஐந்தே ஆண்டில், தப்பினால் பத்தாண்டில், கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்பது அவர் போட்ட கணக்கு. சொன்னவர் லேசுப்பட்டவர் அல்ல. இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். அதற்காகவே 2024-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.

ஐந்தாண்டுக் கெடு முடிந்துவிட்டது. படம் பார்க்கும் மென்பொருள்கள் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. சில வேலைகளில் உண்மையாகவே கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. சுவீடனில் 80,000 பெண்களிடம் நடந்த மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையில், மென்பொருளின் துணையால் மருத்துவர்கள் படம் பார்க்கும் சுமை 44 சதவீதம் குறைந்தது. ஆனாலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பற்றாக்குறைதான்.

கணக்கு எங்கே பிசகியது? ஒரு தொழிலை ஒரே ஒரு வேலையாக ஹின்டன் எடுத்துக்கொண்டார். நோயாளியின் பழைய படத்தைத் தேடிப்பிடித்து ஒப்பிடுவது, இந்த நிழலை இப்படியே விட்டுவைக்கலாமா, திசு எடுத்துப் பார்க்கலாமா என்று அறுவை மருத்துவரிடம் வாதாடுவது, கடைசியில் அறிக்கையின் கீழே கையெழுத்துப் போடுவது எல்லாம் சேர்ந்ததுதான் அந்தத் தொழில். தப்பு நேர்ந்தால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்பதற்கு அந்தக் கையெழுத்துதான் சாட்சி. அந்தப் பொறுப்பை இயந்திரத்தின் தலையில் கட்ட முடியாது. ஏர் கனடா நிறுவனத்தின் சாட்பாட் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்கிற ரீதியில் நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024-இல் கனடாவின் ஒரு தீர்ப்பாயம் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

ஆகவே கவலை வேண்டாம், இயந்திரம் வெறும் உதவியாள்தான் என்று இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிடுவது வழக்கம். எனக்கும் அந்த வழக்கம் உண்டு. போலந்திலிருந்து 2025-இல் வந்த ஓர் ஆய்வு அந்த நிம்மதியைக் கெடுத்தது.

பெருங்குடலுக்குள் கேமராவைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி பற்றிய ஆய்வு அது. பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய சிறு கட்டிகளைத் திரையில் கட்டம் போட்டுக் காட்டும் மென்பொருளை நான்கு மையங்களில் அறிமுகப்படுத்தினார்கள். அதற்கு அடுத்த சில மாதங்களில் மென்பொருள் இல்லாமல் அதே மருத்துவர்கள் செய்த பரிசோதனைகளை எடுத்துப் பார்த்தார்கள். முன்பு 28.4 சதவீதம் பேரிடம் கட்டியைக் கண்டுபிடித்தவர்கள், இப்போது 22.4 சதவீதம் பேரிடம்தான் கண்டுபிடித்திருந்தார்கள். இது அவதானிப்பு ஆய்வு. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனால், அவர்கள் புதியவர்கள் அல்லர். தலைக்கு 2,000 பரிசோதனைகளுக்கு மேல் செய்தவர்கள். கட்டம் வரும் என்று காத்திருக்கப் பழகிய கண், தானாகத் தேடுவதை விட்டிருக்கலாம்.

பழகிய கண்ணுக்கே இந்த நிலை என்றால், பழகவே வாய்ப்பில்லாத கண்ணுக்கு?

இங்கேதான் வாடிக்கையாளர் சேவையைப் பற்றி பொருளாதார அறிஞர் எரிக் பிரின்யோல்ஃப்சன் குழுவினர் செய்த ஆய்வைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு மென்பொருள் நிறுவனத்தின் 5,000-க்கும் மேற்பட்ட சேவை ஊழியர்களுக்கு, என்ன பதில் சொல்லலாம் என்று எடுத்துக்கொடுக்கும் கருவி வழங்கப்பட்டது. வேலைத்திறன் சராசரியாகச் சுமார் 14 சதவீதம் கூடியது. புதியவர்களுக்கு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்; கைதேர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஏன் அப்படி? அந்தக் கருவி கற்றுக்கொண்டதே கைதேர்ந்தவர்களின் உரையாடல்களிலிருந்துதான். கோபத்தில் கத்துகிறவரை எந்தச் சொல்லால் தணிப்பது, எதை முதலில் கேட்பது என்று ஆண்டுக்கணக்கில் அவர்கள் தேடிய பக்குவத்தை உறிஞ்சிப் புதியவர்களுக்குப் பரிமாறியது. பக்குவத்தின் சொந்தக்காரர்களுக்கு அதில் பங்கு உண்டா என்பது ஒரு கேள்வி. புதியவர்களோ பதிலைச் சொல்லக் கற்றார்கள். பதிலைக் கண்டுபிடிக்கக் கற்றார்களா?

சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி. நிறுவனத்தில் சேரும் ஃப்ரெஷரின் முதல் இரண்டாண்டு வேலை என்ன? டெஸ்ட் கேஸ் எழுதுவது, டிக்கெட் முடிப்பது, யாரோ எழுதிய கோடில் பிழை தேடுவது. சலிப்பான வேலைகள். முதலில் இயந்திரத்திடம் போவதும் இவைதான். ஆனால் ஒர்க்‌ஷாப் பையன் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தே இன்ஜின் சத்தத்தைப் படிப்பதுபோல, அந்தச் சலிப்பில்தான் அவர்கள் தொழிலைப் பழகினார்கள். இயந்திரம் எழுதியதைச் சரிபார்க்கும் சீனியர் தேவை என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஜூனியராக இருக்காமல் யாரும் சீனியர் ஆனதில்லை.

நம் கல்லூரிகளோ மனிதத் திறன் என்றதும் 'சாஃப்ட் ஸ்கில்' வகுப்பு வைத்து, கைகுலுக்கவும் குழு விவாதத்தில் முந்திப் பேசவும் சொல்லித்தருகின்றன. தனக்கு முன்னால் இருக்கும் பதில் சரியில்லை என்று மோப்பம் பிடிக்கும் திறனுக்கு அங்கே பாடவேளை கிடையாது.

இயந்திரத்தையே நம்பியிருந்தால் கைப்பழக்கம் போய்விடும் என்ற பாடத்தை விமானத் துறை உயிர்களை இழந்து கற்றது. 2009-இல் அட்லாண்டிக் கடலுக்கு மேலே ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் வேகமானிக் குழாய்கள் பனியால் அடைபட, தானியங்கி ஓட்டி விலகிக்கொண்டது. கையால் ஓட்டவேண்டிய அந்தச் சில நிமிடங்களில் விமானிகளால் நிலைமையைப் பிடிக்க முடியவில்லை. 228 பேர் இறந்தார்கள். 2013-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், பொருத்தமான நேரங்களில் விமானிகள் கையால் ஓட்டுவதை ஊக்குவிக்குமாறு விமான நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. தானியங்கியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதை அணைத்துவைக்கும் நேரத்தையும் வேலையின் பகுதியாக ஆக்கச் சொன்னது.

மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் இதைச் செய்ய முடியும். பயிற்சி மருத்துவர் தன் கணிப்பை முதலில் எழுதிய பிறகே மென்பொருளின் கணிப்பு திறக்கட்டும். புதிய புரோகிராமருக்கு வாரத்தில் ஒருநாள் இயந்திரத் துணை இல்லாத பிழைதேடல் கொடுக்கலாம். இதனால் வேலை தாமதமாகும், செலவும் கூடும். அந்தச் செலவை வாடிக்கையாளர் பில்லில் போட முடியாது. நிறுவனம்தான் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.