பிரஷர் பார்க்கும் இடத்தில் கேட்கப்படாத கேள்வி

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்க நிற்கும் வரிசையை ஒரு நாள் பாருங்கள். 45-ஐத் தாண்டிய பெண்கள் நிறையப் பேர் நிற்பார்கள். நம் நாட்டில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47. வரிசையில் வருகிறவர்களுக்குப் பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரைக்கு விரலில் குத்துகிறார்கள். "ராத்திரி தூக்கம் வருதாம்மா? தீட்டு நின்னுடுச்சா?" என்று யாரும் கேட்பதில்லை. நாமே சொன்னால், "வயசானா அப்படித்தாம்மா" என்று ஒரு பதில், கையில் கால்சியம் மாத்திரை. எலும்புக்கு அது சரிதான். நடு ராத்திரியில் நெஞ்சிலிருந்து கழுத்துக்குக் குப்பென்று சூடு ஏறி, ரவிக்கை தொப்பலாக நனைந்து, கொஞ்ச நேரத்தில் அதே வேர்வை குளிர்ந்து நடுங்குகிறவளுக்கு அதனால் என்ன ஆகப்போகிறது?

அவள் அடுத்துப் போவது, பல இடங்களில் அதே வளாகத்தில் இருக்கும் சித்தா பிரிவுக்கு. அங்கே உட்காரவைத்துக் கேட்கிறார்கள்; பாதி பாரம் அதிலேயே இறங்கிவிடுகிறது. ஆனால் அங்கே தந்த சூரணம் இங்குள்ள டாக்டருக்குத் தெரியாது, இங்கே தந்த மாத்திரை அங்கே தெரியாது. சித்தாவில் தரும் அமுக்கராவையே எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதைக் கவனித்துத் தர வேண்டும். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்துவிட்டது. நான் தடை கேட்கவில்லை. இரண்டு டாக்டரும் ஒரே சீட்டில் எழுதட்டும் என்கிறேன்.

எது கேட்கும், எது கேட்காது என்பதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 12 வாரம் யோகா செய்த பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2014-இல் வெளியானது. தூக்கம் மேம்பட்டது, சூடு ஏறுவது குறையவில்லை. ஆகவே யோகா வகுப்பு நடத்துங்கள், தூக்கத்துக்கு என்று சொல்லி நடத்துங்கள். வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-இல் மூலிகை, சோயா, அக்குபங்சர் எதையும் சூட்டுக்குப் பரிந்துரைக்கவில்லை, சி.பி.டி. என்னும் பேச்சுவழிச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. பிரிட்டன் அரசின் வழிகாட்டியிலும் அது இருக்கிறது. சூடு வருவதை அது நிறுத்திவிடாது. வரும்போது படுத்தும் பாட்டைக் குறைக்கும். குழுவாக உட்காரவைத்துச் சொல்லித்தரலாம், கையேடு வைத்துத் தானாகப் பழகினாலும் பலன் உண்டு என்று லண்டனில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. மருந்துச் செலவே இல்லாத இந்தச் சிகிச்சைக்குத் தமிழில் ஒரு கையேடு போட்டு, நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன?

ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி வாய் திறக்காமல் கஷாயத்தை மட்டும் நீட்டுவதும் நியாயமில்லை. 2002-இல் வந்த அமெரிக்க ஆய்வு கிளப்பிய பயம் இன்னும் போகவில்லை. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் இருப்பவர்களில், மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு போன்ற தடைகள் இல்லாத பலருக்கு ஆபத்தைவிடப் பலனே அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவக் கருத்து. வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும்.

ஒன்றில் மட்டும் எந்த வைத்தியத்துக்கும் காத்திருக்கக் கூடாது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு மறுபடி ரத்தம் பட்டால், துளியாக இருந்தாலும், கருப்பைப் புற்றுநோய் இல்லை என்று பார்த்தாக வேண்டும். "உடம்புச் சூடு" என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தே மாதக்கணக்கைக் கடத்துகிறவர்கள் உண்டு. சித்தா பிரிவுக்கு அப்படி ஒருத்தி வந்தால், மருந்து தரும் முன்பே ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், பெண் தன்னார்வலர்களை வீட்டுக்கே அனுப்பியது. அவர்கள் எழுதும் பதிவேட்டில் தூக்கம், சூடு, உதிரப்போக்கு என்று மூன்று கேள்வி சேர்க்கலாம். வீட்டு ஆண்கள் சுற்றி நிற்கும் திண்ணையில் கேட்டால் பதில் வராது. அடுப்படிக்குப் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அந்த வரிசையில் நிற்கும் ஒரு பெண்