ஆறு வரிக் கணக்கு

இரவு ஒன்பதரைக்கு சிங்கப்பூரிலிருந்து அக்காவின் கட்டங்கள் வந்துவிடும். அங்கே அப்போது நள்ளிரவு, வேர்டிலில் புதுச் சொல் திறக்கும் நேரம். அனுப்புவதில் எழுத்து ஒன்றுகூட இருக்காது. சாம்பல், மஞ்சள், பச்சை என்று வெறும் சதுரங்கள். நாலாவது வரியில் ஐந்தும் பச்சை. "பெரியவளுக்கு நாலு" என்று அம்மா நோட்டில் எழுதிக்கொள்வார். சென்னையில் நான் பன்னிரண்டு மணிவரை காத்திருக்க வேண்டும். நியூஜெர்சியில் இருக்கும் அக்கா மகனுக்கு அந்தச் சொல் கிடைக்கும்போது இங்கே நாங்கள் காலை டிபனை முடித்திருப்போம்.

ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர் தன் இணையர் பலக் ஷாவுக்காகச் செய்த விளையாட்டு இது. 2021 நவம்பர் 1 அன்று ஆடியவர்கள் 90 பேர். இரண்டே மாதத்தில் 3 லட்சம். 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்டது. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல், ஆறு முயற்சி, நாளுக்கு ஒன்றே ஒன்று. எல்லாருக்கும் அதே சொல் என்பதால்தான் இதில் போட்டி வைக்க முடிகிறது.

எங்கள் வீட்டில் எத்தனையாவது வரியில் கிடைத்ததோ அதுதான் அன்றைய புள்ளி. கோட்டை விட்டால் ஏழு. வாரக் கடைசியில் கூட்டும்போது யாருடையது குறைவோ அவர் ஜெயித்தவர்.

இந்தக் கணக்கு நியாயமானதுதானா என்று ஒரு நாள் யோசிக்கவேண்டி வந்தது. இரண்டாம் வரியில் 'நைட்' என்று போட்டேன். கடைசி நாலு எழுத்தும் பச்சை. முதல் எழுத்து மட்டும்தான் பாக்கி. முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் லைட், ரைட், ஃபைட், மைட், சைட், டைட், எயிட் என ஏழு சொற்கள் வரிசையில் நிற்கின்றன. கையில் இருப்பதோ நாலு வரி. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் தோற்றேன். அக்காவும் அதே இடத்தில்தான் மாட்டியிருந்தாள். அவள் மூன்றாம் வரியில் 'ஃபில்ம்ஸ்' என்று அடித்திருக்கிறாள். அது விடையாக இருக்கவே முடியாது என்று தெரிந்தேதான். எஃப், எல், எம், எஸ் நாலையும் ஒரே வரியில் சோதித்துவிடலாம் அல்லவா! நாலில் ஒன்று நிறம் மாறியது. நாலாம் வரியில் விடை. ஒரு வரியை வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கும் இந்தத் துணிச்சலைத்தான் நான் திறமை என்பேன். முதல் சொல்லிலேயே மூன்று பச்சை விழுந்து, இரண்டாவதில் முடித்துவிடுகிறவருக்கு நடந்தது அதிர்ஷ்டம். நியூயார்க் டைம்ஸின் வேர்டில்பாட் இந்த இரண்டுக்கும் தனித்தனியாக 99 வரை மதிப்பெண் போடுகிறது. எங்கள் நோட்டில் அந்த வித்தியாசம் தெரியாது. அதனால்தான் தினம் தினம் ஜெயித்தவரை அறிவிக்காமல் ஏழு நாளையும் கூட்டுகிறோம்.

அக்கா மகன் ஆடுவது 'ஹார்டு மோடு'. அதில் கிடைத்த எழுத்துகளை அடுத்த சொல்லில் பயன்படுத்தியே தீரவேண்டும். அவன் அம்மா செய்த 'ஃபில்ம்ஸ்' வித்தை அவனுக்குச் செல்லாது. அவன் அனுப்பும் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு ஆடியதற்கு அதுதான் சாட்சி. அவனுக்கு வாரம் ஒரு புள்ளி கழித்துக்கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. "அவனாத்தானே அதைத் தேர்ந்தெடுத்தான், சலுகை எதுக்கு?" என்கிறாள் அக்கா. பெற்ற பிள்ளைக்கே விட்டுக்கொடுக்காத அந்தக் கறார் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் கணக்கில் நான் சொல்வதுதான் சரி.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, விடை தெரிந்தும் அவள் காக்கும் மௌனம். எங்களுக்கு அது புதிராகவே இருக்கட்டும் என்று இரண்டரை மணி நேரம் அக்கா ஜாடைகூடக் காட்டமாட்டாள். நீங்களும் குடும்பத்தோடு ஆடுபவர் என்றால் கட்டங்களை மட்டும் அனுப்புங்கள். "இன்னைக்கு ரொம்ப ஈஸி" என்றுகூட எழுதாதீர்கள். உங்கள் வீட்டிலும் யாருக்காவது இன்னும் பொழுது விடியாமல் இருக்கும்.