மணப்பாட்டில் ஒதுங்கிய திமிங்கலங்கள்: சாவுக்குக் காரணம் என்ன?

2016-ம் வருஷம் ஜனவரி மாதம் 11-ந் தேதி. பொங்கலுக்கு இன்னும் நான்கே நாள். திருச்செந்தூருக்குத் தெற்கே, ஆலந்தலை முதல் மணப்பாடு வரை உள்ள கடற்கரையில், பொழுது சாயும் நேரத்தில் கரிய உருவங்கள் அலையோடு அலையாக வந்து மணலில் ஏறின.

அவை திமிங்கலங்கள்! ஒன்றல்ல, இரண்டல்ல. 80-க்கும் மேல்!

மீனவர்கள் ஓடி வந்தார்கள். தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். படகில் கயிறு கட்டி ஆழத்துக்கு இழுத்துச் சென்று விட்டார்கள். விட்ட திமிங்கலங்களில் பல, திரும்பவும் கரைக்கே வந்தன. சில தப்பின. 40-க்கும் மேற்பட்டவை செத்துப் போயின. செத்தவற்றைக் கடற்கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள்.

"ஏன் வந்தன? ஏன் செத்தன?" என்று அன்று ஊரே கேட்டது. அந்தக் கேள்விக்கு இன்று வரை ஒரே முடிவான பதில் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

43 வருஷத்துக்கு முன்பும்!

இது முதல் தடவை அல்ல. 1973-ம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி, தூத்துக்குடிக்குத் தெற்கே இதே கரையில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கின. அதே இனம். அதே பொங்கல் மாதம்.

அந்தச் சம்பவத்தை ஆராய்ந்து எழுதி வைத்தவர்கள், தூத்துக்குடியில் பணியாற்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள். அவர்களில் ஒருவர் டாக்டர் கே. அழகர்சாமி. அதே 1973-ல், ஜூலை மாதத்தில், சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டி இந்தியாவுக்குப் பெயர் வாங்கித் தந்தவரும் அவரே.

கரை ஒதுங்கியவை பைலட் திமிங்கலம் என்ற இனம். பெயர் திமிங்கலம் என்றாலும், இவை டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆண் 20 அடி வரை வளரும். ஆழ்கடலில் கணவாய் பிடித்துத் தின்னும். கூட்டமாகவே வாழும். கூட்டத்தில் ஒன்று வழி தவறினால் மற்றவையும் பின்னால் போகும். ஒன்று தவித்தால் மற்றவை விட்டுப் பிரியாது. மீனவர்கள் தள்ளி விட்டும் அவை கரைக்கே திரும்பியதற்கு இந்தப் பாசமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, முதலில் வழி தவறியது ஏன்? கூட்டத்தை நடத்திய திமிங்கலத்துக்கு நோயா? இரையைத் துரத்திக் கொண்டு வந்தனவா? இவை குரல் எழுப்பி, அது மோதித் திரும்பும் எதிரொலியைக் கேட்டு வழி அறிபவை. சரிவு குறைந்த மணல் கரையில் அந்த எதிரொலி சரியாகத் திரும்பாமல் ஏமாந்தனவா? கடலில் ஏதாவது பெரும் சத்தம் கேட்டு மிரண்டனவா? ஒவ்வொன்றும் நடக்கக் கூடியதே. எது நடந்தது என்று சொல்ல வேண்டியது செத்த உடல்தான்.

பேசாத நோயாளி

மனிதன் டாக்டரிடம் "இங்கே வலிக்கிறது" என்று சொல்வான். மாடு சொல்லாது. திமிங்கலமும் சொல்லாது. செத்த பிறகு அதன் உடலைத் திறந்து, ஈரலையும் நுரையீரலையும் மூளையையும் பார்த்துக் காரணம் சொல்பவரே கால்நடை நோய்க்குறியியல் நிபுணர்.

அவர் உறுப்பில் ஒரு சிறு துண்டை வெட்டி பார்மலின் மருந்தில் போடுவார். பிறகு அதை மெழுகில் பதித்து, தலைமயிரை விட மெல்லிய சீவலாகச் சீவுவார். கண்ணாடிச் சில்லில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். கிருமி நுழைந்த இடமும், ரத்தம் கசிந்த இடமும், விஷம் தாக்கிய இடமும் அப்போது தெரியும்.

சில வழக்குகளில் அப்போதும் பிடி கிடைக்காது. அவற்றுக்காகவே இருக்கிறது மாநாடு.

சபையில் ஒரு விடுகதை

இந்தியக் கால்நடை நோய்க்குறியியல் சங்கம் ஆண்டுதோறும் மாநாடு கூட்டுகிறது. அமெரிக்காவில் இதற்கென்றே "புதன்கிழமைக் கூட்டம்" என்று ஒன்று உண்டு. இப்படிப்பட்ட சபைகளில் கடினமான வழக்கை முன்வைக்கும் முறை சுவையானது.

"இன்ன பிராணி, இன்ன வயது, இப்படிச் செத்தது" என்று மட்டும் ஒருவர் சொல்வார். கண்ணாடிச் சில்லின் படத்தைத் திரையில் காட்டுவார். விடையைச் சொல்ல மாட்டார். சபையில் இருப்பவர்கள் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்வார்கள். "கிருமி" என்பார் ஒருவர். "விஷச் செடி" என்பார் மற்றொருவர். கடைசியில் விடை வெளியாகும்போது, பேர் பெற்ற நிபுணர்களும் தோற்றுப் போவது உண்டு.

இதில் யாருக்கும் அவமானம் இல்லை. ஒருவர் கண்ணில் படாதது மற்றவர் கண்ணில் படும். ஒரு ஊரில் விளங்காமல் போன சாவை, இன்னொரு ஊரில் முன்பே கண்டவர் அங்கே இருப்பார்.

கேனரித் தீவில் கிடைத்த விடை

2002-ம் வருஷம் செப்டம்பர் 24-ந் தேதி, ஸ்பெயின் நாட்டின் கேனரித் தீவுகளில் 14 அலகுத் திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. அதே சமயம் அந்தக் கடலில் போர்க் கப்பல்கள் ஒத்திகை நடத்திக் கொண்டிருந்தன. நீருக்குள் ஒலி அனுப்பி நீர்மூழ்கியைத் தேடும் "சோனார்" கருவியை இயக்கத் தொடங்கி சுமார் 4 மணி நேரத்தில் திமிங்கலங்கள் ஒதுங்க ஆரம்பித்தன.

லாஸ் பால்மாஸ் பல்கலைக்கழகத்தின் கால்நடை நிபுணர் அந்தோனியோ பெர்னாண்டஸும் அவருடைய குழுவினரும், உடல் கெடுவதற்கு முன்பே சோதனை செய்தார்கள். ரத்தக் குழாய்களிலும் உறுப்புகளிலும் காற்றுக் குமிழிகள் இருந்தன!

சங்கு குளிக்கும் தூத்துக்குடிக்காரர்களுக்கு இது புரியும். ஆழத்தில் குழாய்க் காற்றைச் சுவாசித்து வேலை செய்பவர் சட்டென்று மேலே வந்தால், ரத்தத்தில் குமிழி தோன்றி உயிருக்கே ஆபத்து வரும். சத்தத்துக்கு மிரண்ட திமிங்கலத்துக்கும் அதே போன்ற கதி நேர்ந்திருக்கிறது என்றார்கள் நிபுணர்கள்.

இந்த முடிவு 2003-ல் வெளியானது. உலகெங்கும் விஞ்ஞானிகள் இதை மறுத்தும் ஆதரித்தும் வாதாடினார்கள். 2004-ல் ஸ்பெயின் சர்க்கார், கேனரித் தீவுகளைச் சுற்றி சோனார் ஒத்திகைக்குத் தடை போட்டது. அதன் பிறகு பத்து வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தபோதும், அங்கே அதுபோன்ற கூட்டச் சாவு மறுபடி நிகழவில்லை.

சாவுக்குக் காரணம் தெரிந்தது. அடுத்த சாவைத் தடுக்க முடிந்தது.

வெயிலோடு பந்தயம்

மணப்பாட்டிலும் அதே காரணம்தான் என்று நாம் சொல்லிவிடக் கூடாது. அது வேறு இனம், வேறு கடல். நோய் தெரியாமல் மருந்து சொல்வது போல ஆகிவிடும்.

மணப்பாட்டில் கால்நடை டாக்டர்கள் சும்மா இருக்கவில்லை. செத்தவற்றைப் பரிசோதித்து மாதிரிகள் எடுத்தார்கள். ஆனால் திமிங்கலத்தின் தோலுக்கு அடியில் தடித்த கொழுப்பு இருக்கிறது. செத்த பிறகும் உடல் சூடு வெளியே போகாது. அதோடு நம் ஊர் வெயிலும் சேர்ந்தால், சில மணி நேரத்திலேயே உள்ளுறுப்புகள் அழுகத் தொடங்கும். அழுகினாலும் காற்றுக் குமிழி வரும். எது நோயின் அடையாளம், எது அழுகலின் அடையாளம் என்று பிரித்துச் சொல்வது அப்போது பெரும்பாடு. மைல் கணக்கில் சிதறிக் கிடக்கும் பெரிய உடல்கள் வேறு. உயிரோடு இருப்பவற்றைக் காப்பாற்றும் அவசரம் வேறு.

நாம் என்ன செய்யலாம்?

திமிங்கலமோ கடற்பசுவோ ஒதுங்கினால், உடனே வனத்துறைக்கும் கால்நடை ஆஸ்பத்திரிக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். எத்தனை மணிக்கு வந்தது, வரும்போது உயிர் இருந்ததா என்று குறித்து வைக்க வேண்டும். அந்தக் குறிப்பு நிபுணருக்குப் பாதி விடை. உயிர் இருந்தால் ஈரத் துணியைப் போர்த்தலாம். தலைமேல் இருக்கும் மூச்சுத் துளையை மூடக் கூடாது. அதில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. செத்த உடலிலிருந்து எதையும் வெட்டி எடுப்பது சட்டப்படி குற்றம்.

வீட்டு மாட்டுக்கும் இதே புத்தி பொருந்தும். நல்லாயிருந்த மாடு திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசன வாயிலோ உறையாத கறுத்த ரத்தம் வந்தால், அது அடைப்பான் நோயாக இருக்கலாம். தோலை உரிக்கக் கூடாது. உடலை அறுக்கக் கூடாது. அறுத்தால் நோய்க் கிருமி வித்தாக மாறி, மண்ணில் பல வருஷம் கிடக்கும். மனிதனையும் கொல்லும். டாக்டர் வந்து காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்வார். பிறகு சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கலாம்.

அரசும் ஒன்று செய்ய வேண்டும். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தூத்துக்குடியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. ராத்திரியானாலும் பண்டிகையானாலும், செய்தி வந்தவுடன் கத்தியும் பார்மலினும் எடுத்துக் கொண்டு கிளம்ப, இரண்டிலிருந்தும் ஒரு குழு ஆயத்தமாக இருக்க வேண்டும். அவர்கள் கண்டதை மாநாட்டுச் சபையில் வைத்தால், நூறு நிபுணர்களின் கண் அதன் மேல் விழும்.

1973-ல் வந்தன. 2016-ல் வந்தன. இனியும் ஒரு நாள் வரலாம். அன்று முதல் தகவல் கொடுக்கப் போகிறவர், அதிகாலையில் வலையோடு கரைக்கு வரும் யாரோ ஒரு மீனவர்தான். அவர் தாமதிக்காமல் சொன்னால், மணப்பாட்டுக் கேள்விக்கு அன்றாவது பதில் கிடைக்கும்.