மலையில் மரமும் ஆற்றில் நீரும்

மரம் நட்டால் ஆறு நிறையும் என்பது மேடைதோறும் முழங்கும் வசனம். தேசாபிமானிகள் பலரும் இதனை ஐயமின்றி நம்புகின்றனர். ஆயினும் எந்த மரம், எந்த நிலத்தில் என்று ஆராயாது நட்டால், அம்மரமே ஆற்றை வற்றச் செய்வதும் உண்டு. நீலகிரியே இதற்குச் சாட்சி.

அம்மலையின் உச்சிப் பிரதேசம் சரிவெங்கும் புல்வெளியும், மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலையுமாக இயற்கையில் அமைந்தது. பருவமழையை அந்நிலம் உட்கொண்டு, கோடையிலும் ஊற்றாகச் சிறிது சிறிதாக வெளிவிடும். இத்தகைய புல்வெளியை வெள்ளையர் ஆட்சி வீண் நிலம் என்றே கணக்கிட்டது. ஆஸ்திரேலிய நாட்டுத் தைலமரம் 1843-ல் அங்கே புகுந்து, விறகுக்காகப் பரவிற்று. அன்னியர் போனபின் நம்மவர் ஆட்சி இக்கொள்கையைக் கைவிட்டதா? இல்லை. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையையும், செயற்கைப் பட்டு ஆலைகளின் கூழுக்காகத் தைலமரத்தையும் மேலும் பெருக்கிற்று.

இதன் பலனை மத்திய சர்க்காரின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கனில் அளந்து கண்டனர். அருகருகே இரண்டு சிறு நீர்ப்பிடிப்பு நிலங்களைத் தேர்ந்தனர். ஒன்றை இயற்கைப்படியே விட்டு, மற்றொன்றில் நூற்றுக்கு 59 பங்கு பரப்பில் 1972-ல் தைலமரம் நட்டனர். முதற் பத்தாண்டில் ஓடைநீர் நூற்றுக்கு 16 பங்கு குறைந்தது. வெட்டிய கட்டைகள் மீண்டும் தழைத்த இரண்டாம் பத்தாண்டில் குறைவு 25 பங்கை எட்டிற்று. காரணம் வெளிப்படை. புல்லின் வேர் மேல்மண்ணோடு நின்றுவிடும். தைலமரத்தின் வேரோ ஆழச் சென்று, ஆண்டு முழுவதும் நீரை உறிஞ்சி இலைவழியே ஆவியாக்கும்.

இது மலைவாசிகளின் விவகாரம் மட்டுமன்று. பைக்காரா நீர் மாயாற்றில் இறங்கிப் பவானிசாகரை அடைகிறது. கீழ்பவானித் திட்டத்தின் 2,07,000 ஏக்கர் பாசனம் அவ்வணையை நம்பி நிற்கிறது. மலையோடையில் குறையும் நீர் சமவெளி உழவனின் வயலில் குறையும் நீரேயாகும்.

மரங்களை ஒரேயடியாக வெட்டி மலையை மொட்டையாக்குக என்று நாம் கூறவில்லை. அவ்வாறு செய்தால் மண் கரைந்து அணைகளைத் தூர்த்துவிடும். சோலைகளைக் காத்து, அன்னிய மரங்களைப் படிப்படியாக நீக்கி, அவ்விடத்தில் புல்லை மீண்டும் வளர்ப்பதே நேரிய வழி. அன்னியத் தாவரங்களை அகற்றுவதற்கென்று தமிழ்நாட்டு அரசு 2022-ல் ஒரு கொள்கை வெளியிட்டது. ஏட்டில் எழுதியது மலையில் நிறைவேற வேண்டும். நட்ட மரங்களின் எண்ணிக்கையைப் பெருமையுடன் அறிவிக்கும் மந்திரிகள், ஓடைகளில் ஓடும் நீரின் அளவையும் ஆண்டுதோறும் ஜனங்களுக்கு அறிவிக்கட்டும்.