பலகைக் கணினி: விலையைக் கேட்குமுன் வேலையைக் கேட்போம்

அறிவியலின் பயன் கடைசிக் குடிசை வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்று பேசாத மேடை இன்று இல்லை. ஆனால் அந்தப் பயன் வந்து சேரும்போது அதற்கு யார் காசு கொடுப்பது, பழுதானால் யார் திருத்துவது என்ற கேள்விகள் மேடையில் எழுவதில்லை. அவை குடிசையில்தான் எழுகின்றன.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என்று இக்கரையோரத்தில் நாம் சந்திக்கும் குடும்பங்களிடமிருந்து அப்படியான ஒரு கேள்வி அண்மைக்காலமாகத் திரும்பத் திரும்ப வருகிறது. "என்ட புள்ள டெக்னோலஜி படிக்கிறான். ராஸ்பெரி பை என்டு ஒரு சாமான் வேணுமாம். முப்பதினாயிரம் முடியுமாம். வாங்கிக் குடுக்கிறதா, விடுறதா?" காணியை இழந்து, வேறொருவரின் வயலில் கூலிக்கு வெள்ளாமை செய்யும் ஒரு தகப்பன் இப்படிக் கேட்கும்போது, வெறும் விலைப்பட்டியலைக் காட்டிப் பதில் சொல்லிவிட முடியாது. ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறோம்.

இது என்ன சாமான்?

ஒரு கணினிக்கு வேண்டிய மூளை, நினைவகம், இணைப்புத் துளைகள் யாவும் உள்ளங்கை அளவான ஒரே பலகையில் பதிக்கப்பட்டிருப்பதே பலகைக் கணினி. பெட்டி, திரை, தட்டச்சுப்பலகை எதுவும் அதனுடன் வராது. இவற்றுள் பெயர்பெற்றது ராஸ்பெரி பை. பிரித்தானியாவின் கேம்பிரிட்ஜ் நகரில், கணினியைப் பற்றி ஆழமாகக் கற்கும் மாணவர் தொகை குறைந்துவருவதைக் கண்டு கவலைகொண்டவர்கள் இதனை உருவாக்கினார்கள். 2012 பெப்ரவரி 29 அன்று முதலாவது பலகை 35 டொலர் விலையில் சந்தைக்கு வந்தது. ஏழைப் பிள்ளையும் சொந்தமாக ஒரு கணினி வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையை அந்த விலை உலகெங்கும் விதைத்தது.

அந்த நம்பிக்கை பொய்யானது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் காலம் மாறிவிட்டது. 2023 இல் வெளிவந்த ராஸ்பெரி பை 5 இன் 4 ஜிபி பலகைக்கு 60 டொலர் விலை குறித்தார்கள். செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் கணினிக்கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, சில்லுகளின் விலை ஏறியது. அதனால் 2025 டிசம்பரில் அதே பலகை 70 டொலர் ஆயிற்று. எங்கோ ஒரு நாட்டில் கட்டப்படும் கூடம் சாய்ந்தமருதில் ஒரு மாணவனின் கொப்பிக் காசைத் தொடுகிறது. உலகச் சந்தை உரத்துக்கும் எண்ணெய்க்கும் மட்டும் விலை வைப்பதில்லை.

நெல்லால் அளந்து பார்ப்போம்

வெறும் பலகை வேலை செய்யாது. அதற்குரிய மின்வழங்கி 12 டொலர், விசிறி 5 டொலர், உறை 10 டொலர். நினைவக அட்டைக்கு ஒரு 10 டொலர் வையுங்கள். 2025 டிசம்பர் விலையில் பலகையுடன் சேர்த்து 107 டொலர். டொலரை 300 ரூபாயாகக் கணக்கிட்டாலே 32,000 ரூபாயைத் தாண்டுகிறது. இறக்குமதி வரியும் கடைக்காரரின் இலாபமும் இதற்கு மேல். திரையும் தட்டச்சுப்பலகையும் இன்னும் வாங்கவில்லை.

2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த நாட்டு நெல்லின் கொள்வனவு விலை கிலோவுக்கு 120 ரூபாய். அந்த விலை முழுமையாகக் கையில் கிடைத்தாலும் ஏறத்தாழ 267 கிலோ நெல்லை விற்றால்தான் இந்தச் சாமான் வீட்டுக்கு வரும். சொந்த வயல் உள்ளவருக்கே இது பெரிய தொகை. வயலை விட்டு வந்தவருக்கு இது எத்தனை நாட் கூலி என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இதே காசுக்கு வேறு என்ன கிடைக்கும் என்று பார்ப்பதுதான் நியாயம். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள் திருத்தப்பட்டு எமது நகரங்களின் கடைகளுக்கு விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் பெட்டி, மின்வழங்கி, சேமிப்புத் தட்டு எல்லாம் உள்ளேயே இருக்கும். பழுதானால் பக்கத்துக் கடையில் பாகம் கிடைக்கும். கட்டுரை எழுத, பரீட்சை வினாத்தாள் பார்க்க, நிரல் எழுதிப் பழக அதுவே போதும். 2012 இல் 35 டொலர்ப் பலகைக்கு இருந்த பெரும் அனுகூலம் அதன் மலிவு. அந்த அனுகூலம் இன்று பெரும்பாலும் பழைய கணினியின் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதே எமது கருத்து.

"தொட்டுப் பழகாமல் பிள்ளை எப்படிக் கற்கும்?"

எமது கருத்துக்கு ஆசிரியர்கள் ஒரு மறுப்புச் சொல்வதுண்டு. 2013 முதல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் கற்கும் மாணவன் மண்ணின் ஈரத்தை அளந்து தானாகவே நீர் பாய்ச்சும் ஒழுங்கைத் தன் கையால் செய்து பார்க்க வேண்டும். புத்தகத்தில் படம் பார்த்தால் மட்டும் போதாது என்கிறார்கள். இது முற்றிலும் சரியான வாதம்.

ஆனால் ஈரத்தை அளந்து ஒரு பம்பியை இயக்கவும் நிறுத்தவும் முழுக் கணினி வேண்டியதில்லை. அதற்கு நுண்கட்டுப்படுத்தி எனப்படும் இன்னும் சிறிய பலகை போதும். 2005 இல் இத்தாலியில் பிறந்த ஆடுயினோ அவ்வகையைச் சேர்ந்தது. ராஸ்பெரி பை நிறுவனமே 2021 இல் பைகோ என்ற ஒன்றை 4 டொலருக்கு வெளியிட்டது. அதற்கு நிரல் எழுத முன்சொன்ன பழைய கணினி போதுமானது. ஒரு மாணவன் தவறுதலாக வயரை மாற்றிக் கொடுத்து எரித்துவிட்டாலும் 4 டொலர்தான் நட்டம். பிழைவிட்டுப் பழகுவதற்கு அஞ்சாத பிள்ளைதான் தொழில் கற்கும். 32,000 ரூபாய்ச் சாமானைக் கையில் கொடுத்து "கவனம், கவனம்" என்று பயமுறுத்தினால் அது அலுமாரிக்குள்தான் போகும்.

அலுமாரிக்குள் போனதை நாம் கண்டிருக்கிறோம். ஒரு கிராமத்தில் நன்கொடையாக வந்த பலகைகள் உறைகூடப் பிரிக்கப்படாமல் பூட்டிக் கிடந்தன. கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பயிற்றுவித்த இளைஞர் வேலை தேடிக் கட்டாருக்குப் போனார். அதன்பின் கேட்க ஆளில்லை. சுனாமிக்குப் பின்னர் இக்கரைக்கு வந்த நிவாரணப் பொருட்களில் எவை பயன்பட்டன, எவை மூலையில் துருப்பிடித்தன என்பதை உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் இது வேண்டவே வேண்டாமா?

அப்படியும் சொல்ல மாட்டோம். ஒரு வேலைக்கு இப்பலகைக் கணினி இன்றும் தன் விலைக்கு மேலாக உழைக்கும். அது ஊருக்குப் பொதுவான ஒரு நூலகமாக இருப்பது.

2020 இல் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்ட நாட்களை நினைத்துப் பாருங்கள். பாடம் தொலைபேசிக்குள் போய்விட்டது. டேட்டாவுக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளை பாடத்துக்கு வெளியே நின்றது. பலகைக் கணினி ஒன்றில் பாடப்புத்தகங்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் ஏற்றிவிட்டால், அது தன்னைச் சுற்றித் தானே ஒரு வைபை வலயத்தை உண்டாக்கும். அறைக்குள் இருக்கும் பிள்ளைகள் வீட்டிலுள்ள சாதாரணத் தொலைபேசியால் அதை எடுத்து வாசிக்கலாம். இணையமும் வேண்டாம், டேட்டாக் காசும் வேண்டாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களைத் தமிழிலும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவின் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளையும் அதே பலகையில் வைக்கலாம். இதற்குப் புதிய, விலைகூடிய பலகை அவசியமில்லை. 2021 இல் 15 டொலருக்கு வந்த ஸீரோ 2 என்ற சிறிய வகையே ஒரு சிறு வகுப்புக்கு ஈடுகொடுக்கும்.

மின்சாரத்திலும் ஓர் அனுகூலம் உண்டு. சிறிய பலகைக்கு 5 வற்றுக்குள் போதும். பழைய மேசைக் கணினிக்குத் திரையுடன் சேர்த்து அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியான நாளிலும் 12 வோல்ற் பற்றரி ஒன்றும், மின்னழுத்தத்தை 5 வோல்ற்றுக்குக் குறைக்கும் சிறு கருவியும் இருந்தால் நூலகம் இரவு முழுவதும் இயங்கும்.

மழையும் ஒரு பாடம்

2024 நவம்பர் 26 அன்று நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் அகப்பட்டது. பிள்ளைகள் பலர் உயிரிழந்தனர். அந்தத் துயரம் இக்கரையில் எந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை. அதன் பின்னர், வீதியை மேவும் நீரை அளந்து தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவியை நாமே செய்ய முடியாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். முடியும். ஒலியலையால் தூரம் அளக்கும் உணரி ஒன்று, ஒரு நுண்கட்டுப்படுத்தி, சிம் அட்டை இடும் துணைக்கருவி ஒன்று, பற்றரி ஒன்று. இதற்கும் விலைகூடிய பலகைக் கணினி தேவையில்லை.

ஆனால் கருவி செய்தி மட்டுமே அனுப்பும். நள்ளிரவில் அந்தச் செய்தியைப் பார்த்து எழும்பிப் போய், வீதியின் குறுக்கே தடி போட்டு மறிக்க ஓர் ஆள் வேண்டும். வாய்க்காலுக்கு வட்டை விதானை இருப்பதுபோல அந்தக் கருவிக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். உப்புக்காற்றில் இணைப்புகள் துருப்பிடிக்கும். மாதமொரு முறை துடைத்துச் சோதிக்க வேண்டும். சோதிக்காத கருவியை நம்புவது கருவியே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்தானது.

எமது முடிவு

ஒன்று, வீட்டுக்கொரு பலகைக் கணினி என்ற ஆசையை இப்போதைக்குத் தள்ளி வைப்போம். பிள்ளையின் படிப்புக்கு வாங்குவதானால் நல்ல நிலையிலுள்ள பழைய கணினியையும் ஒரு சிறிய நுண்கட்டுப்படுத்தியையும் வாங்குங்கள். வாங்குமுன் பாடசாலை ஆசிரியரிடம் பாடத்துக்கு உண்மையில் எது தேவை என்று கேளுங்கள்.

இரண்டு, ஊருக்கொரு பலகைக் கணினியைப் பொது நூலகமாக வைக்கலாம். பள்ளிவாசல் அறையோ, கோயில் மண்டபமோ, சங்கக் கட்டடமோ, எல்லாப் பிள்ளைகளும் தயக்கமின்றி வந்து போகும் இடமாக அது இருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் மாலையில் வந்து போக வசதி உண்டா என்பதையும் முதலிலேயே பாருங்கள். மின்சாரம் திடீரென நின்றால் நினைவக அட்டை பழுதாவதுண்டு. ஆதலால் எல்லாவற்றையும் பிரதி எடுத்த இரண்டாவது அட்டை ஒன்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மூன்று, யாராவது இலவசமாகத் தந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எந்த வேலையைச் செய்யும்? எங்கள் ஊரில் யார் இதைப் பழகப்போகிறார்கள்? அவர் ஊரை விட்டுப் போனால் அடுத்தவர் யார்? பதில் இல்லையென்றால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம். இடம்பெயர்ந்தவர்கள் என்பதற்காகக் கொடுத்ததையெல்லாம் வாங்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

புதிதாக ஓர் உழவு இயந்திரம் ஊருக்குள் வந்தால் நீங்கள் அதன் வர்ணத்தைப் பார்த்து மயங்குவதில்லை. சேற்றில் இறக்கிப் பார்ப்பீர்கள், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பீர்கள், எண்ணெய் எவ்வளவு குடிக்கும் என்று கேட்பீர்கள். அந்த விவசாய அறிவை நீங்கள் காணியோடு விட்டுவிட்டு வரவில்லை. கணினியை வாங்கும்போதும் அதே அறிவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே எமது வேண்டுகோள்.