பன்னிரண்டு நிமிடம் போதும்

ஆய்வகத்தில் முகமூடி மாட்டி ஓடினால்தான் மூச்சுத்திறன் தெரியும், மைதான ஓட்டம் வெறும் ஊகம் என்கிறார் டெக்சாஸின் காப்பெல் நகரில் இருக்கும் நண்பர் ஒருவர். ஒப்பமாட்டேன். பக்கத்து டாலஸில் 1970இல் ஆய்வு நிறுவனம் தொடங்கிய கென்னத் கூப்பர், 1968இலேயே வெளியான ஆய்வில் 115 விமானப்படையினரை 12 நிமிடம் ஓடவிட்டு, ஓடிய தூரத்தை ஆய்வக அளவோடு ஒப்பிட்டார். ஒட்டுறவு 0.897! 2,400 மீட்டர் ஓடினால், உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 42 மில்லிலிட்டர் ஆக்சிஜன். ஆய்வகத்திலும் டிரெட்மில்லை விட்டு சைக்கிள் மிதித்தால் எண் பெரும்பாலும் குறையும். அதற்காக அதைப் பொய் என்போமா? ஆகஸ்ட் வெயிலில் தூரம் குறைவது உண்மைதான். அது வெயிலின் குற்றம், சோதனையுடையது அல்ல. இதயநோய் ஐயம் இருப்பவர்கள் மருத்துவரிடமே போகட்டும். மற்றவர்கள் விடியற்காலையில், அதே தடத்தில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஓடித் தூரத்தைக் குறித்து வையுங்கள்.